ரோஸ்வித்தாவுக்கு ஒரு தொப்பி

ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள்மேல் ஒரு படலம் பாலிமர், ஒரு படலம் நானோதுகள் என்று மாற்றி மாற்றிப் பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே மிச்சத்தைக் கழுவாவிட்டால் எல்லாம் திரிந்த பால்தான். திட்டிக்கொண்டே கழுவித் தருவது உதவியாளர் ரோஸ்வித்தா. அந்த நாட்டு வழக்கப்படி, முனைவர் பட்டம் வாங்குகிறவர்களுக்கு அட்டைத் தொப்பி செய்து சூட்டுவதும் அவர்தான்.

அவர் ஓய்வுபெற்ற அன்று பழைய மாணவர்கள் திரண்டு வந்து, ஆளுக்கொரு தாளாகச் சிவப்பும் நீலமும் மாற்றி மாற்றி ஒட்டிய தொப்பியை அவர் தலையில் வைத்தார்கள்.

"பட்டம் வாங்காதவளுக்கு எதுக்குடா தொப்பி?" தடவிப் பார்த்தார், பசை பிசுபிசுத்தது. "கருமம்! நடுவுல கழுவினீங்களா இல்லையா?"

"அதை நாங்க என்னைக்குச் செஞ்சோம்?" என்றான், அவர் கையால் முதல் தொப்பி வாங்கிய டோர்பென். "எங்க பட்டமெல்லாம் நீங்க கழுவிக் குடுத்ததுதானே!"

ரோஸ்வித்தா பிசுபிசுத்த தொப்பியை நெற்றிவரை இழுத்து அழுத்திக்கொண்டார்.