சுவருக்கு அந்தப் பக்கத்து மிக்ஸி

தையற்காரிக்கும் அவள் கொழுந்தன் மனைவிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த அன்றே வாயையும் மூடிக்கொண்டார்கள். காதைத்தான் மூடவில்லை.

பாலில் கலந்து குடிக்கும் மஞ்சள் பொடியைத் தையற்காரி மாதம் ஒருமுறை செய்வாள். மஞ்சள், மிளகு, சுக்கு, ஏலக்காய் எல்லாவற்றையும் லேசாக வறுத்து, முறத்தில் கொட்டி நன்றாக ஆறவிட்டு, அப்புறம்தான் அரைப்பாள். தெருவே அவள் பொடியைக் கேட்டு வாங்கும். சுவருக்கு அந்தப் பக்கத்துச் சின்னவளுக்கு அதில் வயிற்றெரிச்சல். வாசனை வந்தால் அவளும் வறுப்பாள். இந்தப் பக்கம் மிக்ஸி அலறினால் அந்தப் பக்கமும் அலறும். ஒரு வார்த்தை கேட்காமலே கற்றுக்கொண்டாள், கைகாரி!

"இருடி, வெக்கிறேன் உனக்கு ஆப்பு" என்று தையற்காரி பல்லைக் கடித்தாள். இந்த மாதம் வறுத்ததை முறத்தில் கொட்டிய கையோடு வெறும் மிக்ஸியை ஓடவிட்டாள். அடுத்த நிமிஷமே சுவருக்கு அப்பால் மிக்ஸி அலறியது. அங்கே எல்லாம் சூட்டோடு அரைபட்டு, சூட்டோடு பாட்டிலுக்குள் போயிற்று. தன்னுடையதை, சின்னவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தையற்காரி அரைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் சின்னவள் பாட்டிலோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே பொடி சூட்டில் வேர்த்துக் கட்டி தட்டி, பூசணம் பிடித்திருந்தது.

"அக்கா, உங்க பொடி மட்டும் எப்படிக் கெடாம இருக்கு?"

ஆறு வருஷத்தில் காதில் விழுந்த முதல் 'அக்கா' அது. தையற்காரி மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இத்தனை நாளா யாரைக் கேட்டு அரைச்சியோ, அந்தச் செவுத்தையே போய்க் கேளு."