ஓட்டை யாருடையது?

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் அமெரிக்காவை முன்னிட்டு ஒரு சண்டை நடந்தது. அமெரிக்கா வரப்போகிறது, கம்பெனிகள் வரப்போகின்றன, இனி எல்லோருக்கும் நல்ல காலம்தான் என்று யாங்கோனில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. கண்ணாடிச் சுவர் வைத்த வெளிநாட்டுக் கடை மாதத்துக்கு ஒன்று திறந்தது. ஆனால் எங்கள் வீட்டுச் சண்டைக்கு அவ்வளவு பெரிய காரணமெல்லாம் இல்லை. ஒரு பலகாரத்தின் நடுவில் இருக்கும் ஓட்டை யாருடையது என்பதுதான் வழக்கு.

யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா பர்மியர், கியாக்டடாவில் ஓர் அலுவலகத்தில் கணக்கர். அம்மா தமிழ். அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். அந்த மாமாவுக்கு சூலே பகோடா பக்கம் ஒரு கைபேசிக் கடையில் வேலை. வீட்டில் பேச்சு பெரும்பாலும் பர்மிய மொழியில்தான் நடக்கும். அம்மாவும் மாமாவும் மட்டும் தமக்குள் தமிழ் பேசுவார்கள். என்னைத் திட்டும்போது அம்மா என்னையும் அந்த மொழியில் சேர்த்துக்கொள்வாள். அதனால் தமிழில் நான் முதலில் கற்றது திட்டு வார்த்தைகளைத்தான், மற்றவை பிறகு வந்தன.

அப்பாவுக்கு ஓர் அக்கா உண்டு. பர்மியர்கள் பெரிய அத்தையை ஜீஜீ என்பார்கள். தாய் தகப்பன் போனபிறகு அப்பாவை வளர்த்து, படிக்கவைத்து, வேலையில் சேர்த்தவர் அந்த ஜீஜீதான். லான்மடாவில் ஒரு சந்தில் காலை நேரத்தில் பலகாரக் கடை போட்டிருந்தார். அப்பா ஓர் இந்திய வம்சத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு மனக்கசப்பு. கல்யாணத்துக்கு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அதோடு சரி. எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை.

ஒவ்வொரு தண்ணீர்த் திருவிழாவுக்கும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஜீஜீயை வணங்கிவிட்டு வருவார். அம்மா வரமாட்டாள், ஆனால் விடியுமுன் எழுந்து சமைத்து அடுக்குச் சட்டியில் கொடுத்தனுப்புவாள். நாங்கள் திரும்பி வரும்போது சட்டி பளபளவென்று கழுவப்பட்டு வரும். "ஏதாவது சொன்னாங்களா?" என்று அம்மா கேட்பாள். அப்பா செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாகிவிடுவார். நன்றாக இருந்தது என்று சொல்லவேண்டாம், கெட்டுப்போயிருந்தது என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று எண்ணும் வயது எனக்கில்லை.

சனிக்கிழமைகளில் நான் ஓர் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஸயாமா, அதாவது டீச்சரம்மா, தன் வீட்டுக் கூடத்திலேயே நடத்திய வகுப்பு அது. பருவம் முடியும்போது அமெரிக்க விருந்து வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கவேண்டும். சீட்டில் உள்ள பலகாரத்தைக் கொண்டுவந்து, அது எங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனது என்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். கடையில் வாங்கக்கூடாது, வீட்டிலேதான் செய்யவேண்டும். எனக்கு வந்தது டோனட். என் பக்கத்தில் உட்காரும் பணக்காரப் பெண்ணுக்கு வந்தது பீட்சா. அவள் வீட்டில் மின் அடுப்பு இருந்தது என்பதை அவள் அதற்கு முன்பே எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தாள்.

டோனட்டை எங்கள் வீட்டில் யாரும் தின்றதில்லை. மாமா மட்டும் புதுக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். கைபேசியில் படமும் எடுத்து வைத்திருந்தார். அதை எங்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டு, "இதுக்கா இந்தப் பாடு? நம்ம உளுந்து வடைய சீனியில பெரட்டுனா முடிஞ்சிச்சு" என்றார்.

அன்றைக்கே ஆட்டி, சுட்டு, சீனியில் புரட்டி வைத்தார். கைப்பழக்கத்தில் வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் போட்டுவிட்டார் என்பது கடித்த பிறகுதான் தெரிந்தது. அப்பா பொறுமைசாலி. முழுசாக மென்று விழுங்கிவிட்டு, படத்தை இன்னொருமுறை பார்த்தார். "இது எங்க அக்கா சுடுற பலகாரம் மாதிரியில்ல இருக்கு" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

அவர் சொன்னது மொன்லெக்கவ். அரிசி மாவை வளையல்போல் உருட்டிப் பொரித்து வெல்லப்பாகோடு தின்னும் பண்டம். பெயருக்கே வளையல் பலகாரம் என்றுதான் அர்த்தம். அப்பா சொன்னது சரிதான், ஆனால் அந்த வீட்டில் ஜீஜீயின் கைமணத்தை யாரும் பேச்சில் எடுப்பதில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி, "ஆமா, அவங்க கை வந்தா சரியா வரும்" என்றாள். மாமா கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தார்.

மறுநாள் பள்ளி இல்லை. மாமா என்னை பஸ் ஏற்றி லான்மடாவுக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். சந்து முனை வந்ததும் வெற்றிலைக் கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். "நா வந்தா நல்லாருக்காது. நீ போயி நா சொன்னத அப்படியே சொல்லு. ஒரு வார்த்த கொறையக்கூடாது."

நான் ஒரு வார்த்தைகூடக் குறைக்கவில்லை. ஜீஜீ எண்ணெய்ச் சட்டி முன்னால் குந்தியிருந்தார். நாலைந்து பேர் வாங்குவதற்கு நின்றார்கள். நான் கைகட்டி நின்று, மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன்: "எங்க மாமா சொன்னாரு, பலகாரத்துல ஓட்டை போடறதைக் கண்டுபிடிச்சது எங்க உளுந்து வடைதானாம். அமெரிக்காக்காரன் அதைப் பார்த்துத்தான் டோனட் செஞ்சானாம். உங்க வளையலும் அதைப் பார்த்துச் செஞ்சதுதானாம்."

ஜீஜீயின் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. சட்டியில் இருந்த வளையல்கள் கறுக்க ஆரம்பித்தன. நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, ஜீஜீயின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"உங்க மாமா சொன்னது இருக்கட்டும். உங்க அம்மா என்ன சொன்னா?"

இதற்கு மாமா பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் சனிக்கிழமை வகுப்பு விருந்துக்கு டோனட் செய்யவேண்டியதையும் வீட்டில் நடந்ததையும் சொன்னேன். "உங்க கை வந்தாத்தான் சரியா வரும்னு சொன்னாங்க."

ஜீஜீ கறுத்துப்போன வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்ததாக நினைவு. பிறகு என்னைப் பார்க்காமல், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் வாங்கி வைக்கச் சொல்லு. ஓட்டை யாருதுன்னு நேர்ல வந்து காட்டறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜீஜீ வந்தார். கையில் மாவுப் பை, சொந்தக் கரண்டி. அம்மா காலையிலிருந்து மூன்று தடவை வீட்டைக் கூட்டியிருந்தாள். அக்கா வருவார் என்று நம்பாத அப்பா வேலை முடிந்து வந்து, வாசலில் கிடந்த ஜீஜீயின் செருப்பைப் பார்த்ததும் மாடி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்து ஒரு மாடி இறங்கிப்போய்த் திரும்பி வந்தார். இதைச் சொல்லி மாமா பல வருடம் அவரைக் கேலி செய்தார்.

எங்கள் சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கமுடியாது. அதில் அம்மாவும் ஜீஜீயும் நின்றார்கள், நடுவில் நான். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. "எண்ணெய் காஞ்சிருச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் ஜீஜீ. நான் சொல்வேன். "தணலைக் குறைக்கட்டுமான்னு ஜீஜீகிட்ட கேளு" என்பாள் அம்மா. நான் கேட்பேன். இரண்டு பேரும் பேசியது பர்மிய மொழிதான். பர்மியத்திலிருந்து பர்மியத்துக்கு மொழிபெயர்க்கும் உத்தியோகத்தில் நான் மிகவும் பெருமையாக இருந்தேன்.

மாமா கூடத்தில் உட்கார்ந்து, கைபேசியில் செய்முறையைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கோதுமை மாவு, ஈஸ்ட், முட்டை, பால், வெண்ணெய். கோதுமை மாவு பிசைவது அம்மாவுக்குக் கைவந்த கலை. அவள் பிசைந்து, ஊறவைத்து, உப்பியதும் நகர்ந்து நின்றாள். ஜீஜீ அதை வளையல்போல நீளமாக உருட்டி, முனைகளை ஒட்டி எண்ணெயில் விட்டார். அரிசி மாவு சொன்னபடி கேட்கும், இது கேட்கவில்லை. ஒட்டிய இடம் விட்டுப்போய் எல்லாம் அரை வளையலாக மிதந்தன. இரண்டாம் ஈடும் அப்படியே. ஜீஜீயின் நெற்றியில் வியர்வை. நாளைக்கு வகுப்பில் எதைக் காட்டுவது என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அம்மா ஓர் உருண்டையை எடுத்து வாழையிலைத் துண்டில் தட்டினாள். விரலைத் தண்ணீரில் தொட்டு நடுவில் ஒரு குத்து குத்தினாள். வடைக்குச் செய்வதுதான். எண்ணெயில் விட்டதும் அது பொங்கி உருண்டது, ஓட்டை மூடிக்கொண்டு பன்ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. அம்மா அடுத்த உருண்டையை எடுத்தாள். அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்த ஜீஜீக்குப் பொறுக்கவில்லை. என் தலைக்கு மேலாக எட்டிக் கையைக் காட்டி, "இன்னும் பெருசாக் குத்து. பொங்கினா மூடிக்கும்ல" என்றார்.

நான் வழக்கம்போல அதை அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவே, "சரி, மமா" என்றாள். மமா என்றால் அக்கா. என் உத்தியோகம் அத்தோடு போயிற்று. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த ஈட்டில் வட்டமாக, பொன்னிறமாக, நடுவில் ஓட்டையோடு டோனட் வந்தது. படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் கோணல். அம்மா ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினாள். "ராத்திரி நான் ஒண்ணும் சாப்பிடறதில்ல" என்று சொல்லிவிட்டு ஜீஜீ கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அம்மா அந்தத் தட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து சொன்னோம். பீட்சா இத்தாலிக்காரர்களோடு போனது. ஹாம்பர்கர் ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் பிழைக்கப் போனவர்களோடு போனது. பொரித்த கோழியில் ஸ்காட்லாந்துக்காரர்களின் எண்ணெயும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் கைப்பக்குவமும் சேர்ந்திருக்கிறது. ஆப்பிள் பை என்னும் பழப் பலகாரம் இங்கிலாந்திலிருந்து போனது. தக்காளி சாஸ்கூட ஆதியில் சீனக் கடலோரத்து மீன் சாறிலிருந்து வந்தது என்று ஸயாமா சொன்னதும், வகுப்பில் இருந்த சீனப் பையன் தானே காய்ச்சி எடுத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் டோனட்டுக்கு மூதாதையான டச்சுக்காரர்களின் எண்ணெய்ப் பணியாரத்தைப் பற்றி மூன்று வாக்கியம் தப்பில்லாமல் சொன்னேன்.

"அப்படின்னா அமெரிக்காவோடது எது, ஸயாமா?" என்று ஒரு பையன் கேட்டான்.

ஸயாமா யோசித்தார். "டச்சுக்காரங்க பணியாரத்துல ஓட்டை கிடையாது. ஓட்டையை மட்டும் ஓர் அமெரிக்கக் கப்பல்காரர் போட்டதாச் சொல்றாங்க. அதை வேணும்னா வச்சுக்கலாம்" என்றார்.

என்னால் தாங்கமுடியவில்லை. எழுந்து நின்று, ஓட்டை எங்கள் வீட்டுடையது, நேற்றுத்தான் போட்டோம், நான் பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. பரிசு பீட்சாவுக்குப் போனது.

அன்று மாலை தீர்ப்பைத் தெரிந்துகொள்ள ஜீஜீ மறுபடியும் வந்துவிட்டார். அம்மா யாரும் சொல்லாமலே காலையில் உளுந்து ஊறவைத்திருந்தாள். ஓட்டை அமெரிக்காவுக்குப் போய்விட்டது என்று நான் அழாக்குறையாகச் சொன்னேன். மாமா விடமாட்டார், எழுந்து வாதாடுவார் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

ஜீஜீ மாமாவைப் பார்த்து, "நீ என்ன சொல்றே?" என்றார்.

மாமா கையைக் கட்டிக்கொண்டார். "நான் சொன்னதுதான் தப்பு, மமா. ஓட்டை உங்களுதுதான். கப்பல்ல வந்த எங்க பாட்டன் பூட்டன் இங்க உங்க வளையலப் பார்த்துட்டுத்தான் வடையில ஓட்டை போட்டிருப்பாங்க."

இவ்வளவு பெரிய பொய்யை நான் அதுவரை கேட்டதில்லை. வலிய வம்புக்கு ஆள் அனுப்பிய மனிதர் இப்படி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டார். ஜீஜீக்கும் அது பொய்யென்று தெரியும், அவர் வாய்விட்டுச் சிரித்ததிலிருந்தே தெரிந்தது. "சரி சரி, காப்பியடிச்சது எப்படி இருக்குன்னு பார்க்கறேன், கொண்டா" என்றார்.

அம்மா வடைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஜீஜீ ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் ஜீஜீ. சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

அம்மா சட்டென்று சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் அதே துக்கம்தான். இடுப்பைக் கட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த தமிழில், "அழாதீங்கம்மா, ஓட்ட நம்மளுதுதான்" என்றேன். அம்மா அழுகையோடு சிரித்தாள், பிறகு இன்னும் அதிகமாக அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டியில் இருந்த சூடான வடைகளை ஒரு தட்டில் அள்ளி என் கையில் கொடுத்தாள். "போ, ஜீஜீக்கு வச்சிட்டு வா."

தட்டோடு நான் அங்கேயே நின்றேன். ஓட்டையையும் பறிகொடுத்துவிட்டு வடையையும் எதற்காகக் கொடுக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.