பனி ஏறுவதற்குள் மஸ்கெலியாவில் ஒரு கல்யாணப் படம்

நுவரெலியாவிலிருந்து மஸ்கெலியா பக்கம் போக நினைக்கிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். சரியான ஆளைத்தான் கேட்கிறார்கள். அந்த ரோட்டில் எனக்குத் தெரியாத வளைவு கிடையாது. சில வளைவுகள் நான் போன பிறகுதான் வளைந்தன.

முதல் தடவை போனது அறுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு தை மாதம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய காலம். நுவரெலியா கடைவீதியில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. ஒரு அறை, ஒரு திரை, திரையில் ஒரு மாளிகைப் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஏறப் பார்த்து முட்டிக்கொண்டவர்கள் உண்டு, அவ்வளவு தத்ரூபம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆனாலும் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரன் என் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் கேமராவைக் களனி ஆற்றில் போட்டதாகக் கேள்வி.

வேலு என்ற தோட்டத்துப் பையன் ஸ்டூடியோவுக்கு வந்தான். தங்கை பாக்கியத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இந்தியப் பிரஜைகளாகப் பதிந்தவர்கள், அடுத்த மாதமே கப்பலேறுகிறார்கள், பெண்ணும் கூடப் போகிறாள். வேலுவும் அவன் தாய் காளியம்மாவும் தோட்டத்திலேயே தங்குகிறார்கள்.

"அண்ணே, எங்கம்மா மொகம் படத்துல விழுந்ததே இல்லைங்க. தங்கச்சி கொண்டுபோறதுக்கு அம்மாவும் அவளும் ஒண்ணா நிக்கிற படம் ஒண்ணு வேணும்" என்றான்.

"ஒண்ணு என்னடா, ஒம்போது எடுத்துத் தரேன்" என்றேன். பேச்சில் நான் எப்போதும் தாராளம்.

கல்யாணத்தன்று விடியுமுன் கிளம்பினேன். நுவரெலியாவிலிருந்து நானுஓயா ஸ்டேஷன் ஐந்து மைல். காரில் போய் இறங்கும்போது ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. என்னைப் பார்த்ததும் டிரைவர் நிறுத்தினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன் வரை மூன்றாம் வகுப்பு. இடதுபக்க ஜன்னல் பிடித்தால் செயின்ட் கிளயர் அருவி தெரியும். எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை. மடியில் கண்ணாடிப் பிளேட்டுப் பெட்டி. ரயில் குலுங்கும்போதெல்லாம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு பிளேட்டு, உடைந்தால் கல்யாணமே உடைந்த மாதிரி.

ஹட்டனில் சிவனொளிபாத மலைக்குப் போகும் கூட்டம். வெள்ளை உடுப்பும் மூட்டையுமாக பஸ் நிரம்பி வழிந்தது. கேமராவின் மூன்று காலைப் பார்த்துக் கண்டக்டர் பின்வாங்கினார்.

"என்ன மாத்தயா இது, துவக்கா?"

"ஆமா. மாப்பிள்ளையச் சுடப் போறேன்" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. ஆனாலும் மூன்றுகாலி கூரைமேல்தான் போனது. மஸ்கெலியா பன்னிரண்டு மைல்; அன்றைக்கு நூறு மைல். ஒவ்வொரு சந்தியிலும் பஸ் நின்று தேங்காய் உடைத்தார்கள். நான் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தை மாதத்தில் காலை வெயில் கண்ணாடி மாதிரி இருக்கும், மத்தியானம் பள்ளத்திலிருந்து பனி ஏறிவிடும். அதற்குப் பிறகு என்னிடம் இருந்த சாமானை வைத்துக்கொண்டு யானையைக்கூடப் படமெடுக்க முடியாது. (அப்போது இறங்கிய மஸ்கெலியா டவுன் இன்று நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. இப்போது இருப்பது மேட்டில் கட்டின புது டவுன். என் வழியை அப்படியே பிடித்துப் போனால் நனைவீர்கள்.)

டவுனிலிருந்து தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, இரண்டு மைல் ஏற்றம். நான் போய்ச் சேர்வதற்கும் தாலி கட்டுவதற்கும் சரியாக இருந்தது. மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் மூன்றுகாலியை ஊன்றினேன். தாலி, மாலை, மாமன் மச்சான் வரிசை என்று மத்தியானத்துக்குள் பதினொரு பிளேட்டு முடிந்தது. பாக்கி ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி காத்து நின்றது, முன்சீட்டு மட்டும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு. பின்னேரம் கொழுந்து நிறுக்கிறதற்குள் அது ஃபேக்டரிக்குத் திரும்பியாக வேண்டும். லொறி டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"அம்மாவக் கூப்பிடுங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அத்தை சின்னத்தாயி குறுக்கே வந்து நின்றாள். மாப்பிள்ளையை வளர்த்தவள். அவள் நின்றால் ரயிலும் நிற்கும்.

"எந்த அம்மா?"

"பொண்ணோட அம்மாதாங்க."

"நல்லாருக்கு! மஞ்சக்கயிறு இன்னும் காயல, அதுக்குள்ள தாலியறுத்தவளப் பக்கத்துல நிறுத்திப் படம் புடிக்கிறியா? அந்தப் படம் எங்க வீட்டுச் செவத்துல தொங்கணுமா?"

காளியம்மா லயத்தின் கோடிக்காம்பரா, அந்தக் கடைசி அறையின் வாசலில், வெள்ளைச் சேலை முக்காட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். காலையிலிருந்து அங்கேதான். மகள் கழுத்தில் தாலி ஏறினதையும் கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். "வேணாம் வேலு, விட்ரு" என்று கையாட்டினாள்.

பாக்கியம் தலை நிமிர்ந்தாள். "படக்காரண்ணே, அப்ப எனக்குப் படமே வேணாம். மூணுகாலிய மடிங்க."

"பாத்தியா, வந்த அன்னைக்கே வாய!" என்றாள் சின்னத்தாயி. மாப்பிள்ளை தன் மாலையில் பூ எண்ணிக்கொண்டிருந்தான். லொறி கத்தியது. பள்ளத்தில் பனி எழுந்து தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன், எடுத்தேன், மறுபடி விட்டேன். மூன்றாவது தடவை வெளியே வந்தபோது மூளை வேலை செய்தது.

"சரிங்கத்த, பொண்ணு மாப்பிள்ளை மட்டும் நிக்கட்டும். ஆனா பனி ஏறுது. வெளிச்சம் அளக்காம எடுத்தா மாப்பிள்ளை கரிக்கட்டையா விழுவாரு. அளக்க வெள்ளைத் துணி கட்டுன ஒரு ஆளு பக்கத்துல நிக்கணும். லண்டன் மொறை அது."

"வேட்டி கட்டுன ஆம்பளைய நிறுத்து."

"வேட்டி இடுப்புக்குக் கீழங்க. மொகத்துக்கு வெளிச்சம் பாக்கத் தலையில வெள்ளை வேணும்."

சின்னத்தாயி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். பெண்கள் தலையில் கனகாம்பரம். ஆண்கள் தலையில் சிவப்புத் தலைப்பாகை. வெள்ளை முக்காடு ஒன்றே ஒன்றுதான்.

"அளந்ததும் போயிடணும்" என்றாள்.

"அளந்ததும் போயிடலாம்."

காளியம்மா வந்தாள். மகளுக்கு அரை அடி தள்ளி நின்றாள். "ஒட்டி நில்லுங்கம்மா, வெளிச்சம் தாண்டிப் போகுது" என்று அதட்டினேன். ஒட்டினாள். தன்னையறியாமல் கை எழுந்து மகள் தோளில் உட்கார்ந்தது. "நாலு எண்ணுற வரைக்கும் யாரும் அசையாதீங்க, அளவு கலைஞ்சிரும்." லென்ஸ் மூடியைக் கழற்றினேன். அந்த நாலு எண்ணிக்கையில் லொறிகூட வாயை மூடியிருந்தது. மூடியைப் போட்டேன்.

காளியம்மா விலகினாள். பிறகு பிளேட்டே இல்லாத கேமராவால், ரொம்ப மும்முரமாக, பொண்ணு மாப்பிள்ளையை ஒரு படம் எடுத்தேன். என் தொழில் வாழ்க்கையிலேயே அதுதான் சிரத்தையாக எடுத்தது.

சாமான் கட்டும்போது காளியம்மா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். யாரும் கேட்காத குரலில், "தம்பி, நான் கண்ண மூடிட்டேனா?" என்றாள்.

"இல்லம்மா. முழுசாத் தெறந்திருந்தீங்க."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தை, மாசியில் யாத்திரைக் கூட்டம் பஸ்ஸை நிரப்பிவிடும், ஹட்டனில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். படம் எடுக்கிற ஆளாக இருந்தால் முக்கியமான படத்தை மத்தியானத்துக்கு வைக்காதீர்கள். மலையைப் பார்த்துத் திட்டம் போடுங்கள், மலை உங்களைப் பார்த்துப் போடாது. கம்பளி வேண்டும். கல்யாண வீட்டில் முதலில் போய் நிற்க வேண்டியது பந்தலில் இல்லை, யார் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

படத்தை ஹட்டன் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்று. பிளாட்பாரம் முழுக்கத் தகரப் பெட்டியும் அழுகையும். முழுப் பிரதி இரண்டு. ஒன்று காளியம்மாவிடம் முன்பே சேர்ந்துவிட்டது, மற்றதை பாக்கியம் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள். மாப்பிள்ளை வீட்டுக்கென்று தனியாக ஒரு பிரதி, காளியம்மாவை மறைத்துப் பிரிண்ட் போட்டது. சின்னத்தாயி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பாக்கியத்தின் தோளில் நாலு விரல் இருந்தது. எத்தனை முறை மறைத்தும் தோளை வெட்டாமல் அந்த விரல்களை வெட்ட முடியவில்லை.

"இது யாரு கை?"

என் வாயில் பொய் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். "பிளேடால சுரண்டிடலாம் அத்த. ஒரு நிமிசம்" என்று கை நீட்டினேன்.

அவள் படத்தைத் தரவில்லை.

"சுரண்டாத. புள்ள தனியா நிக்கிற மாதிரி தெரியும்."

"மாப்பிள்ளை பக்கத்துல நிக்கிறாரே."

"அவன் நிக்கிறான்" என்றாள் சின்னத்தாயி. "அது வேற." படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு ரயிலேறினாள்.