பச்சைப் பெயின்ட் அடித்த வளையங்கள்

கந்தப்பளையில் தேயிலைத் தொழிற்சாலையின் ஒரே ஃபிட்டர் நான்தான். மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவுக்குக் கப்பலேறிய பிறகு கராஜிலேயே கிடப்பேன்.

தோட்டத் துரையின் பந்தயக் காரில் சக்கரங்கள் வெளியே தள்ளி நிற்க, அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் இரும்பு வளையங்கள் கடைந்து, நட்டுகள் ஏறும் ஸ்டட்டுகளையும் நீளமானதாக மாற்றினேன். பனியில் துருப்பிடிக்குமே என்று, மெஷின்களுக்கு அடிப்பதுபோல், வளையங்களுக்கும் பச்சைப் பெயின்ட்டைத் தடிப்பாக அடித்துப் பூட்டினேன்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது தோட்டப் பாதை வளைவில் பின்சக்கரம் ஆடியது. நிறுத்தினேன். பள்ளத்துக்கு ஒரு முழம்தான் இருந்தது. இறங்கிப் பார்த்தால், வளையத்தின் தடித்த பெயின்ட் நசுங்கி இடைவெளி விழுந்து, நட்டுகள் விரலுக்கே சுழன்றன.

ஓடிவந்த தோட்டக் காவல்காரர் கேட்டார்: "பூட்டுனத யாருக்கிட்டயாவது காட்டுனீங்களா?"

"காட்ட யாருங்க இருக்கா?"

இப்போது வளையங்களில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டே பூட்டுகிறேன். ஒரு மைல் ஓட்டி நட்டுகளை மறுபடி முறுக்குகிறேன். பிறகு காவல்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். அவருக்கு இந்த வேலை தெரியாது. ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்.