ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என்னுடன் இருந்தவர்

இந்த நாட்டில், வேலை கேட்டு வந்தவனுக்கு வேலை கொடுப்பவர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிடுகிறார். எட்மன்டனில் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்குப் பதிவு வேலைக்கான நேர்காணலுக்குப் போன வாரம் போயிருந்தேன். என் மகள் வயதுடைய அதிகாரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போகத் தயங்கி நின்றேன். கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலை ஒன்றில் பணியாளர் அதிகாரியாக இருந்த காலத்தில் நான் யாருக்கும் கதவைத் திறந்ததில்லை. இங்கே மகனுக்கு வேலை போய் ஐந்து மாதம். அறுபத்து நான்கு வயதில் எனக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

என் பி.பி.ஏ. பட்டம் எப்படிப் படித்து வாங்கியது என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். அஞ்சல் வழிப் படிப்பு. பாடப் புத்தகம் தபாலில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. முடித்ததும் “சாரி” என்றேன். “எதற்கு சாரி? நீங்களாகவே படித்து முடித்தது பெரிய விஷயம் அல்லவா?” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து மறுபடியும் சாரி சொன்னேன்.

நம் ஊரில் முதல் கேள்வியே “ரெகுலரா, கரஸ்ஸா?” என்பதுதான். கரஸ், அதாவது அஞ்சல் வழி என்றால், கேட்டவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். அதற்குப் பயந்து, சென்னையில் கல்லூரிக்குப் போய்ப் படித்தவன் என்று சொல்லித்தான் ஆலையில் சேர்ந்தேன். நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. யாரும் துருவிக் கேட்கவில்லை. சில வருடங்கள் கழித்து ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுத்தோம். மேனேஜரும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஏசுதாஸ் உள்ளே வந்தார். ஞாயிறு வகுப்பில் என் பக்கத்து பெஞ்சு. எனக்குத் தபால் வராத மாதங்களில் தன் புத்தகத்தைக் கொடுத்து, தான் இரவல் வாங்கிப் படித்தவர். எங்கள் ஆலையிலேயே கான்ட்ராக்ட் கூலி. அந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. அவருக்கு வயது முப்பத்தெட்டு.

“ஊட்ல படுத்துகினே வாங்கின பட்டமா?” என்றார் மேனேஜர்.

“இல்ல சார். நைட் ஷிப்ட் முடிச்சிகினு நேரா கிளாஸுக்குப் போவேன். அக்கவுண்ட்ஸ் மூணு தபா போச்சு, நாலாவது தபா பாஸ் பண்ணேன்.”

“கிளாஸ்ல வேற எவனாவது இருந்தானா, இல்ல நீ மட்டும் பெஞ்சுக்குக் காவலா?”

ஏசுதாஸ் சிரித்துவிட்டு என்னைக் காட்டினார். “சாரே இருந்தாரு சார். என் பக்கத்துலதான். கேட்டுப் பாருங்க.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை” என்றேன். அவ்வளவுதான். “வேலை கேக்க வந்த எடத்துல பொய்யா?” என்று மேனேஜர் ஃபைலை மூடினார். கரஸ் என்பதற்காகக்கூட அல்ல, பொய்யர் என்று அவரை அனுப்பினோம். மாலையில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். “இன்னா சார், பார்த்திருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். உங்க பட்டத்தையா கேட்டேன்?” என்றார். நான் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

இப்போது எட்மன்டன் கிடங்கின் அந்த அதிகாரி, நான் இப்படித்தான் படித்தேன் என்று தொலைபேசியில் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரும் எண்ணும் வேண்டும் என்கிறார். நாளை கடைசி நாள். ஆலையில் யாரைக் கேட்டாலும் நான் கல்லூரிக்குப் போனவன் என்றே சொல்வார்கள், அப்படித்தான் நம்பவைத்திருக்கிறேன். வகுப்பிலிருந்த மற்றவர்களின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. மிச்சம் இருப்பவர் ஏசுதாஸ் ஒருவர்தான். கும்மிடிப்பூண்டி பக்கம் புதுவாயலில் இருக்கும் என் அக்கா மகனை விசாரிக்கச் சொன்னேன். “அத்திப்பட்டு பக்கம் வேலைக்குப் போனார்னு ஒர்த்தர் சொல்றாரு மாமா. ஊட்டையே காலி பண்ணிகினு போய்ட்டார்னு இன்னொர்த்தர் சொல்றாரு. இத்தினி வருசம் கயிச்சி அவர இன்னாத்துக்குத் தேடறீங்க?” என்றான். வேலைக்காகத்தான் தேடுகிறேன் என்பதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

படிவம் முன்னால் இருக்கிறது. மேல் பாதியில் என் எட்மன்டன் முகவரி, கதவு எண் முதல் அஞ்சல் குறியீடு வரை சரியாக இருக்கிறது. கீழ்ப் பாதியில் ஏசுதாஸ் என்று எழுதிவிட்டேன். தொலைபேசிக் கட்டத்தில் இந்தியாவுக்கான 91 மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு பத்துக் கட்டங்கள் காலி.