அடுப்படியில் ஒரு பதில்

என் தம்பி ஒரு விடியோ கேமுக்குள் காஸைத் திறந்துவிட்டவன். யாரோ செய்த சண்டை விளையாட்டு அது. அதற்குள் நாமும் புதிதாக எதையாவது செய்து சேர்க்கலாம். அதை மொட் என்பார்கள். மற்றப் பெடியள் துவக்கும் குண்டும் சேர்த்தார்கள். இவன் சேர்த்தது சமையல் காஸ். குசினியில் கசிந்து, நிலத்தோடு பரவி, அறை நிறைந்த பிறகு ஒரு பொறி பட்டால் வீடே போய்விடும். யுத்தக் காலத்தில் வெளியே குண்டு வெடிப்பது போதாதா என்று எரிந்து விழுந்தேன். அவன் காதில் ஏறவில்லை.

கண்ணுக்குத் தெரியாத காஸ் கசிகிறது என்பதை விளையாடுகிறவனுக்கு எப்படிச் சொல்வது? சத்தம் வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் அடுப்பருகே மைக்கை வைத்து, காஸைக் கொஞ்சம் திறந்து, அந்த ‘ஸ்ஸ்’ சத்தத்தைப் பதிவு செய்தான். யாழ்ப்பாணத்தில் விறகில் சமைத்த அம்மாவுக்கு சிலிண்டர் என்றாலே குலைநடுக்கம். சாமியறையில் இருந்தபடியே கேட்டார்.

“காஸைப் பூட்டினனியே?”

“ஓமம்மா, பூட்டிட்டன்.”

பச்சைப் பொய். அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. வெட்டி எடுக்கப் பஞ்சிப்பட்டு அப்படியே விட்டுவிட்டான்.

அந்த மொட் முழுவதையும் ஒரு சீடியில் அடித்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் இருந்த கூட்டாளியிடம் கொடுக்க ஒரு பின்னேரம் புறப்பட்டான். அங்கே போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. நானும் அம்மாவும் ஏறி இறங்காத பொலிஸ் வாசல் இல்லை.

அதன் பிறகு அம்மா என்னைக் கொம்பியூட்டர் முன் இருத்துவார். விளையாட்டுக்குள் அந்தக் குசினியில் போய் நிற்பேன். காஸ் கசியும். அம்மாவின் கேள்வி வரும், அவன் பதில் வரும். வெடிப்பதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். அதைப் பார்க்க அம்மாவால் முடியாது. ஆளில்லாத அந்தக் குசினியில் நிற்க எனக்குப் பயம். ஆனாலும் அவன் குரலுக்காக நின்றேன்.

பிறகு விசாரணை என்று வந்தவர்கள் கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் காஸ் மணம். நல்ல காலம், சாமி விளக்கு இன்னும் ஏற்றவில்லை. அடுப்பு திறந்து கிடக்க, அம்மா அதன் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். ஓடிப்போய்ப் பூட்டி, யன்னல்களைத் தள்ளித் திறந்தேன். கோபத்தில் கத்தினேன்.

“என்னம்மா செய்யிறீங்கள்?”

“சத்தம் வருது பிள்ளை. அவனைத்தான் இன்னும் காணேல்லை.”

அம்மா அடுப்பைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

“காஸைப் பூட்டினனியே?”

“ஓமம்மா, பூட்டிட்டன்,” என்றேன்.

“உன்னைக் கேக்கேல்லைப் பிள்ளை,” என்றார் அம்மா.