ரோஸ்மேரியின் நீல ரிப்பன்

சர்ச் வாசலில் ரோஸ்மேரி நிற்காத ஞாயிறு கிடையாது. மழையானாலும் பனியானாலும், மலைமேல் ஏறும் பிரிஞ்சாங் சாலையை லோரிகள் மறித்துக்கொண்டு கிடந்தாலும், எப்படியாவது முதல் ஆளாக வந்துவிடுவாள். எல்லோருக்கும் “வாங்க, வாங்க” என்று கைகொடுப்பாள். புதியவர் என்றால் சட்டையில் ஒரு நீல ரிப்பனும் குத்துவாள். ரிப்பன் குத்தியவர்கள் ஆராதனையில் எழுந்து, பேரையும் எந்த எஸ்டேட் என்பதையும் சொல்ல வேண்டும். தேயிலை பறிப்பவர்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் கூடி ஜெபித்த காலத்து வழக்கம் அது. இப்போது சபையில் பாதிப் பேர் நர்சும் டிரைவரும் கடைக்காரருமாகி எஸ்டேட்டை விட்டே போய்விட்டார்கள். கேள்வி மட்டும் போகவில்லை.

இந்த ஞாயிறு ஆண்டுவிழா. அண்ணன் ஹரோல்ட் வருவதாகப் போனில் சொன்னதிலிருந்து ரோஸ்மேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல வருஷத்துக்கு முன், பக்கத்து லயத்துப் புவனேஸுக்கு அவர் அம்மன் கோயிலில் தாலி கட்டியதற்காக, அன்றைய சபைப் பெரியவர்கள் கூட்டம் போட்டுக் குடைந்தெடுத்தார்கள். அன்றைக்கு எழுந்து போனவர்தான். இப்போது கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார், அதே மலைதான், ஆனாலும் இந்த வாசலை மிதிக்கவில்லை. இன்றைக்கும் மனம் கசந்தால் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார்.

“பாஸ்டர், எங்கண்ணனை மட்டும் எழுந்து நிக்கச் சொல்லிடாதீங்க. இந்தச் சர்ச்சு கட்ட எங்கப்பா மண்ணு சுமந்தவரு” என்றாள், ஊருக்குப் புதியவரான போதகர் ஜேசனிடம். அதையே மறுபடியும் போய்ச் சொன்னாள்.

“தெரியும்கா, நிக்கச் சொல்லமாட்டேன். டென்ஷன் ஆகாதீங்க லா” என்றார் அவர்.

வாசலில் கூட்டம் நெருக்கியது. அண்ணனின் காய்கறி லோரி வருகிறதா என்று சாலையையே பார்த்தபடி கைகொடுத்தாள், ரிப்பன் குத்தினாள், கைகொடுத்தாள். லோரியைக் காணோம். எரிச்சலோடு திரும்பினால், அவள் அப்போதுதான் ரிப்பன் குத்திவிட்ட சட்டைக்கு மேலே அண்ணனின் முகம். காரில் வந்திருக்கிறார்.

“ஐயோ அண்ணே, எடுத்துடுறேன்.”

“இருக்கட்டும்” என்று உள்ளே போய்விட்டார்.

பாவி, என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போதகர் சொன்ன வார்த்தை மாறாமல், ஹரோல்ட் பக்கமே பார்க்காமல் புதியவர்களை எழச் சொன்னார். ஹரோல்ட் தானாகவே எழுந்தார்.

“பேரு ஹரோல்ட். எஸ்டேட்டு மேல் டிவிஷன். எனக்கு ரிப்பன் குத்துனது பரவால்ல. என் சம்சாரம் வெளிய கார்ல உக்காந்திருக்கா. அவளுக்கும் ஒண்ணு இருக்கா?”

ரோஸ்மேரிக்கு முகம் சுட்டது. அண்ணன் வருவாரா, வருவாரா என்று வாரம் முழுக்கத் தவித்தவள், அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே. ரிப்பன் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, தூறலில் கார் வரைக்கும் ஓடினாள்.

புவனேஸ் கண்ணாடியை இறக்கினாள்.

“வாங்க அண்ணி.”

முறை சொல்லி அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. புவனேஸ் உடனே இறங்கவில்லை.

“உள்ள வந்தா எழுந்து நின்னு யாருன்னு சொல்லணுமாமே?”

“நீங்க உக்காருங்க அண்ணி. யாருன்னு நான் எழுந்து சொல்றேன்.”